காவல் தூதர் நமக்கு பாடிகார்டா?

அக்டோபர் 2 என்றால் காந்தி ஜெயந்தி. கத்தோலிக்கத் திருச்சபையில் அன்றைக்குக் காவல் தூதர்களின் நினைவுநாளும்கூட. நம்ம பாட்டிமார் ‘காவல் சம்மனசு’ன்னு சொல்வாங்களே, அவங்கதான்.

ஒவ்வொருத்தர்கூடவும் ஒரு தூதர் கடைசி மூச்சு வரைக்கும் வர்றார் என்பது நம்பிக்கை. அப்போ ஏன் விபத்து நடக்குது, வேலை போகுது? நியாயமான கேள்வி.

தோபித்து நூலை எடுங்க. இளைஞன் தோபியா தூரப் பயணம் கிளம்புறான். அவனோட நாயும் கூடவே போகுது. வழித்துணையா வர்றவர் இரபேல் தூதர்னு அவனுக்குத் தெரியாது. டைகிரிஸ் ஆற்றில் கால் கழுவும்போது ஒரு பெரிய மீன் அவன் காலை விழுங்கப் பாயுது. இரபேல் மீனை விரட்டலை. அதைப் பிடிக்கச் சொல்றார், அவ்வளவுதான். பிடிச்சது தோபியா. அந்த மீனோட பித்தம்தான் பிறகு அவன் அப்பாவுக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுத்தது.

மத்தேயு 4-ஆம் அதிகாரமும் பாருங்க. கோவில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு இயேசுகிட்ட சொல்றது யார்? சாத்தான்! இயேசு மறுத்துட்டார். அதனால தூதரை நம்பி ஹெல்மெட்டைக் கழற்றிடாதீங்க.

ஆபத்தே வராதுன்னு இந்த நம்பிக்கை சொல்லலை. நைட் ஷிஃப்ட் முடிச்சு காலியான ரூமுக்குத் திரும்பும்போதும் நீங்க தனியா இல்லைன்னு சொல்லுது. இன்னைக்குத் தூங்கறதுக்கு முன்னாடி, அந்த வழித்துணைக்கு ஒரு நன்றி சொல்லுங்க.