பல் முளைக்கும் முன்னரே தொடங்கும் பணி

(குழந்தைகள் நல அலுவலர்களுக்கும் செவிலியர் பயிற்சி மாணவர்களுக்கும் நிகழ்த்திய உரையின் வடிவம்)



ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் நாள் உலக வாய்நல நாளாகவும், மறுநாள் உலக டவுன் சிண்ட்ரோம் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. நாட்காட்டியில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு நாட்களையும் நம் பணியில் நாம் இணைத்துப் பார்ப்பதில்லை. அவற்றை இணைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருப்பது இயல்பு. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்து, மொத்தம் 47 ஆவதே டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலோரிடம் காணப்படும் நிலை. ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866இல் இதனை விவரித்தார். பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூனும் உடன் பணியாற்றியோரும் 1959இல் குரோமோசோம் காரணத்தை வெளியிட்டனர். தாய் உண்ட உணவோ, கிரகணமோ, முன்னோர் பாவமோ இதற்குக் காரணமன்று.

இக்குழந்தைகளுக்குப் பற்கள் தாமதமாக முளைக்கின்றன. பிற குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தையொட்டித் தோன்றும் முதற்பல், இவர்களுக்கு ஓராண்டு கழித்தோ, சிலருக்கு இரண்டாண்டு நிறையும்போதோ வெளிவரலாம். பாற்பற்கள் அனைத்தும் முளைக்க நான்கு, ஐந்து வயதாகலாம். வரிசை மாறுவதும், சில பற்கள் சிறுத்திருப்பதும், சில தோன்றாமலே போவதும் உண்டு. இவை கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. இக்குழந்தைகளிடம் பற்சொத்தை பொதுவாகப் பிறரைவிட மிகுதியாகக் காணப்படுவதில்லை. இதனாலேயே வாய் நலமாக உள்ளதென்று பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். கேடோ ஈறில் வளர்கிறது. நோய் எதிர்ப்பாற்றலில் உள்ள குறையும், வாயால் மூச்சு விடுவதால் ஏற்படும் வறட்சியும், முழுமையாகத் துலக்க இயலாமையும் சேர்ந்து, ஈறுநோய் இளமையிலேயே தோன்றி விரைந்து முற்றுகிறது. சொத்தையே இல்லாத முன்பற்கள்கூட ஆடி விழுந்துவிடுகின்றன. பல் போனால் மெல்லுதலும் தெளிவான பேச்சும் குன்றும். இவ்விரண்டுக்கும் ஏற்கெனவே போராடும் குழந்தைக்கு இது பேரிழப்பு.

இன்னொன்றும் உண்டு. இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை காணப்படுகிறது. ஈறிலிருந்து குருதியில் கலக்கும் கிருமிகள் அத்தகைய இதயத்தைத் தாக்கக்கூடும். ஆகவே பல் மருத்துவரிடம் இதயக் குறையை முதலிலேயே தெரிவித்தல் வேண்டும். சிலருக்குச் சிகிச்சைக்கு முன் கிருமி எதிர்ப்பு மருந்து தேவைப்படும். கழுத்தெலும்பின் மேல் மூட்டு சிலருக்குத் தளர்ந்திருக்குமாதலால், தலையை வலிந்து பின்னே சாய்த்தலும் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. பல் முளைக்கும் முன்னரே, ஈரமான தூய துணியால் ஈறுகளை நாள்தோறும் துடைத்துவரலாம். வாயில் பிறர் கைபடும் பழக்கம் அப்போதே ஏற்படும். முதற்பல் வந்ததும் மென்மையான சிறு தூரிகையால் காலையும் இரவும் துலக்க வேண்டும். மூன்று வயது வரை அரிசியளவும், பின்னர் பட்டாணியளவும் புளோரைடு பற்பசை போதும். குழந்தை தன் தலையைத் தாயின் மடியில் வைத்துப் படுத்தால் ஈறோரம் நன்கு தெரியும். பாற்புட்டியுடன் உறங்க விடலாகாது. இனிப்பு மருந்து கொடுத்தபின் சிறிது நீர் புகட்டல் நன்று. பல் முளைத்தாலும் முளைக்காவிட்டாலும், ஓராண்டு நிறைவதற்குள் பல் மருத்துவரைக் காண வேண்டும். முதல் வருகை வெறும் அறிமுகமாகவே அமையட்டும். வலியோடு தொடங்கும் அறிமுகம் அச்சமாகவே நிலைத்துவிடும்.

இனி நம் கடமை. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலானோரைப் பரிசோதிக்க வகை செய்கிறது. டவுன் சிண்ட்ரோமும் பற்சொத்தையும் அதன் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மருத்துவமனைகளில் அவர்களுக்குக் கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை அளிக்கப் பணிக்கிறது. எனவே, "இக்குழந்தை ஒத்துழைக்காது" என்று திருப்பி அனுப்புவது இரக்கக் குறைவு மட்டுமன்று, கடமை தவறுதலும் ஆகும்.

இதயத்துக்கும் செவிக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை எழுதித் தரும்போது, அதே சீட்டில் பல் மருத்துவப் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரியால், ஒரு குழந்தை வளர்ந்த பின்னும் தன் பற்களாலேயே மென்று உண்ணும்.