அடுப்படியில் நிற்பவர் சுவாசிக்கும் காற்று
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பத்தி மாணவர்களுக்குப் புரியற மாதிரி பத்து நிமிஷம் பேசு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இங்கே இயற்பியல் படித்துவிட்டு, பிறகு பொறியியல் படித்து, இன்று ஆலைகளில் புகையையும் ஆவியையும் வெளியேற்றும் குழாய்களை வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். ஆனால் ஆலையைப் பற்றிப் பேசப் போவதில்லை. நம் மாவட்டத்து அடுப்படியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

விறகுப் புகை கண்ணை எரிக்கும், அது நமக்குத் தெரியும். நுரையீரலுக்குள் இறங்குவது கண்ணுக்கே தெரியாத துகள். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழகக் கிராமங்களில் நானூறுக்கும் மேற்பட்ட வீடுகளில் இதை அளந்து 2002-ல் வெளியிட்டார்கள். விறகு, சாணம் எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்துகள் இருந்தது. நாள் முழுக்கச் சராசரி எடுத்தால், சமையலில் ஈடுபடாதவர் சுவாசித்தது 90. சமைத்தவர் சுவாசித்தது 231. ஒரே கூரை, ஒரே குடும்பம். ஆனால் காற்று ஒன்றல்ல பாருங்க. ஆகவே, அறையில் எவ்வளவு புகை என்பது முதல் கேள்வி இல்லை. அடுப்பின் வாயில் நிற்பவர் மூக்குக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு என் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. புகை பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். பரவிய பிறகு பிடிப்பது கஷ்டம். வீட்டில் ஊதாங்குழல் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு முழம் தள்ளி நின்று ஊதினால் விளக்கு அணைந்துவிடும். அதே குழலால் அதே தூரத்திலிருந்து காற்றை உறிஞ்சுங்கள், சுடர் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று நேர்கோட்டில் ஓடும். உறிஞ்சும்போதோ எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று வரும். குழாயின் விட்டம் அளவு தள்ளிப் போனாலே உறிஞ்சும் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சுவரின் மூலையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு "புகை போகலியே" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுப்பின் மேலேயே புகைபோக்கி வைக்கலாமே என்று நம் முன்னோர் யோசிக்காமல் இல்லை. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி.ராஜு 1950-களிலேயே புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். 1983-ல் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002-ல் நிறுத்துவதற்குள் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் பெரும்பகுதி நெடுநாள் நிலைக்கவில்லை. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே 30 டிகிரி, குழாய்க்குள் 100 டிகிரி, குழாய் உயரம் பத்து அடி. சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகிறது. அந்த இழுப்பு விசையைத் தண்ணீர் மட்டத்தில் அளந்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய இழுப்பு அது. நாலு அங்குலக் குழாயின் உள்ளே சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால், காற்று போகும் வழி பாதியை ஒட்டி வந்துவிடும். ஒரு வளைவு கூடினாலும் இழுப்பு குறையும். அடுப்பு கட்டியவர் போய்விட்டார். மாதம் ஒருமுறை கரி தட்டுவது யார் வேலை என்று யாரும் சொல்லவில்லை. பராமரிப்பும் தோற்றது.

"அதான் கேஸ் வந்துடுச்சே" என்பீர்கள். உண்மைதான், அதுவே நல்ல வழி. நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களும் மற்ற மூன்று நாடுகளும் சேர்ந்த ஆய்வு ஒன்றில், 3,200 கர்ப்பிணிகளில் ஒரு பாதிப் பேருக்கு இலவசமாக கேஸ் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வந்தது. விறகில் சமைத்தவர் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸில் சமைத்தவருக்கு 24. மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பிறந்த குழந்தையின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டர் எல்லாவற்றையும் சரி செய்துவிடாது. ஆனால் தாய் சுவாசிக்கும் புகை குறைவது நிச்சயம்.

கேஸால் தீராத புகையும் நம் மாவட்டத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையைத் தாண்டாத நண்பர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். வண்டியை நிறுத்தி முந்திரிப் பருப்பு வாங்கியிருப்பீர்கள். அந்தக் கொட்டையை இரும்புச் சட்டியில் போட்டு வறுக்கும்போது ஓட்டிலுள்ள எண்ணெயே தீப்பிடித்துக் கரும்புகை கக்குகிறது. தோலில் பட்டால் புண்ணாக்கும் எண்ணெய் அது. அதன் புகை தொண்டைக்குள் போனால் சும்மா இருக்குமா? அடியில் என்ன எரித்தாலும் புகை சட்டியிலிருந்துதான் வரும். ஆவியில் வேகவைத்து உடைக்கும் முறை ஆலைகளில் உண்டு, அதில் இந்தப் புகை இல்லை. ஆனால் சுட்ட ருசிக்காகத்தான் நாம் அங்கே வண்டியை நிறுத்துகிறோம். நம் நாக்கின் ருசிக்கு ஒரு பெண்ணின் நுரையீரல் விலையாகக் கூடாது.

இதற்கு வழி உண்டு. சட்டிக்கு மேல் மூன்று பக்கம் மூடிய தகரக் கூண்டு. வறுப்பவர் நிற்கும் பக்கம் மட்டும் திறப்பு. மேலே அகலமான, நேரான குழாய், பக்கத்து வீட்டுக் கூரைக்கும் உயரமாக. பிசின்போல் ஒட்டும் புகை என்பதால் ஃபேன் வேண்டாம். இறக்கை ஒட்டிக்கொள்ளும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அடியில் கரி எடுக்க ஒரு கதவு. வறுப்பவரின் முதுகுப் பக்கமிருந்து நல்ல காற்று வந்து, அவரைத் தாண்டி, சட்டியைத் தாண்டி மேலே போக வேண்டும். புகை தெருவுக்குப் போகத்தான் செய்யும், அதைக் கழுவுவது அடுத்த படி. முதலில் முகத்தை விட்டு விலகட்டும்.

வீட்டுக்கும் இதே விதிதான். பத்துக்கு எட்டு அடி சமையலறை, பத்தடி உயரம் என்றால் 800 கன அடி. மணிக்குப் பன்னிரண்டு தடவை காற்று மாறினால், அடுப்பை அணைத்த கால் மணியில் புகையில் 95 சதம் போய்விடும். ஒரே ஒரு தடவைதான் மாறுகிறது என்றால் அதற்கு மூன்று மணி நேரம். ஃபேன் அடுப்புக்கு மேலே உயரத்தில் இருக்கட்டும். எதிர்ப்பக்கக் கதவு திறந்திருக்கட்டும். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று அங்கேயே நுழைந்து அங்கேயே வெளியேறிவிடும். இன்னொன்று: ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஹாஸ்டலில் ஜன்னலை மூடிக்கொண்டு சுருள் ஏற்றும் தம்பிமார்களே, கொசுவலை வாங்குங்கள்!

நிறைவாக ஒரு வேண்டுகோள். நுண்துகள் அளக்கும் சிறு கருவி இன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. இயற்பியல், வேதியியல் மாணவர்கள் அதை வறுப்பவரின் தோள் உயரத்தில் வைத்து ஒரு வாரம் அளக்கட்டும். நம் சங்கம் ஒரே ஒரு கொட்டகைக்குக் கூண்டும் குழாயும் போடட்டும்; வரைபடம் நான் தருகிறேன், தகரச் செலவைப் பகிர்ந்துகொள்வோம். போட்ட பிறகு மறுபடி அளப்போம். எண் குறைந்தால் அடுத்த கொட்டகை. குறையாவிட்டால் வரைபடத்தைத் திருத்துவோம். கரி தட்டும் நாளையும் காலண்டரில் குறித்துவிடுவோம், அதை மறந்துவிடக் கூடாது.