ஓடுகிறவரும் ஓட்டப்படுகிறவரும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலை தேடப் போகிறவர்களுக்கு ஏதாவது சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 'டிரிவன்' என்ற ஆங்கிலச் சொல். வேலை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். முன்னுக்கு வந்தே தீர வேண்டும் என்ற வேகம் உள்ளவர், சும்மா இருக்க முடியாதவர் என்று பொருள். உங்களில் பாதிப் பேர் பயோடேட்டாவில் போட்டும் இருப்பீர்கள்.

மெக்கானிக்கல்காரர்களுக்கு இது பழைய சிநேகிதம். இரண்டு பல்சக்கரங்களில் மோட்டார் பக்கம் இருப்பது டிரைவர், மற்றது டிரிவன். டிரைவருக்கு 20 பல், டிரிவனுக்கு 40 பல் என்றால் டிரிவன் பாதி வேகத்தில் சுற்றும். முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்கு. பளு இழுப்பது என்னவோ அதுதான். ஆனால் மோட்டாரை அணைத்தால் நின்றுவிடும். எந்தப் பக்கம் சுற்றுவது என்பதும் அதன் கையில் இல்லை. நடுவில் இன்னொரு சக்கரத்தைச் செருகினால் திசை மாறிப்போகும்!

தமிழில் ஓடினான் என்றால் தன்வினை, ஓட்டினான் என்றால் பிறவினை. டிரிவன் இந்த இரண்டும் இல்லை, ஓட்டப்பட்டவன். மாட்டை ஓட்டுவதற்கும், காற்று பனியை அடித்துக்கொண்டு போவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். மனிதரைச் சொன்னாலும் பின்னாலிருந்து ஏதோ விரட்டுகிற தொனி உண்டு. வறுமை, சின்ன வயதில் பட்ட அவமானம், சில வீடுகளில் அப்பா. அதனால்தான் அந்தச் சொல் சில நேரம் பாராட்டாகவும் சில நேரம் பரிதாபமாகவும் ஒலிக்கிறது.

'ஆம்பிஷஸ்' வேறு. அது முன்னால் இருப்பதைப் பார்த்துப் போவது. லத்தீன் மூலத்தில் சுற்றி வருதல் என்று பொருள். பழைய ரோமில் பதவிக்கு நின்றவர்கள் வெளுத்த அங்கியோடு ஓட்டுக் கேட்டுச் சுற்றி வருவார்களாம். (கேண்டிடேட் என்ற சொல்லே அந்த வெள்ளையிலிருந்து வந்ததுதான். நம்மூர் வெள்ளை வேட்டி தற்செயல், சிரிக்காதீங்க.) ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஜூலியஸ் சீசர் மேல் புரூட்டஸ் சுமத்தும் குற்றம் இந்தச் சொல்தான். நம்மிடமும் பேராசை என்றால் வசவு. நாய்க்கும் மதத்துக்கும் சொல்லிவந்த 'வெறி' மட்டும் இப்போது பாராட்டாகிவிட்டது.

போன வருடம் எங்கள் கம்பெனிக்கு ஆள் எடுக்க வேறொரு கல்லூரிக்குப் போயிருந்தோம். படிவத்தில் 'டிரிவன்' என்று ஒரு கட்டம். "அஞ்சு வருஷத்துல எங்கே இருப்பீங்க?" என்று ஒரு பெண்ணைக் கேட்டார் உடன் வந்தவர். "நல்ல டிசைன் எஞ்சினியரா இருப்பேன் சார்." "அவ்வளவுதானா? மேனேஜர் ஆக வேண்டாமா?" "எனக்கு டிசைன்தான் சார் பிடிக்கும்."

அவர் 'இல்லை' என்று எழுதப் போனார். அந்தப் பெண்ணின் புராஜெக்ட் ஒரு கியர்பாக்ஸ். சத்தம் போடுகிறதே என்று யாரும் சொல்லாமலே மூன்று தடவை பிரித்து, தண்டுகளுக்கு இடையிலான தூரம் அரை மில்லிமீட்டர் கூடியிருந்ததைக் கண்டுபிடித்திருந்தார். "இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றேன். "அது ஆர்வம். டிரிவன் வேற" என்றார். அகராதிப்படி அவர் சொன்னது சரி! அதனால்தான் எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டோம். ஜூலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

தம்பி தங்கைகளே, பயோடேட்டாவில் அந்தச் சொல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கீழே ஒரு வரி, யாரும் சொல்லாமல் நீங்களே பிரித்துப் பார்த்த ஒரு பொருளின் பெயரை எழுதி வையுங்கள். இங்கே நான் வந்தால் முதல் கேள்வி அதில்தான் இருக்கும்.