ஒரு பழைய இன்ஜின் நடத்திய பாடம்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



"தொழில்துறை அனுபவம் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். கம்பெனியில் நான் செய்கிற வேலையைச் சொல்ல ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷத்தில் பாதிப் பேர் பந்திக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் கோவிலம்பாக்கத்தில் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஏழு ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அதிலும் கொஞ்சம் இன்ஜினியரிங் இருக்கிறது.

சென்னைவாசிகளுக்கு மீன்பாடி வண்டியைத் தெரியாமல் இருக்காது. முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் பலகை, பின்னால் ஒரு சக்கரம். மீன் ஏற்றி மிதித்துக்கொண்டு போன வண்டி. பிற்பாடு அதில் பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தி ஓட்டினார்கள். செங்கல், சிமென்ட், பீரோ, தண்ணீர்க் குடம், எதுவானாலும் அதில் ஏறும். சட்டப்படி அது செல்லாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றி அமைக்க அனுமதிப்பதில்லை. ஆனாலும் எத்தனையோ குடும்பம் அதை நம்பிப் பிழைத்தது.

எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. மேடவாக்கம், கோவிலம்பாக்கம், நன்மங்கலம் பக்கமெல்லாம் வயலும் ஏரிக்கரையுமாக இருந்து மனைகளாக மாறிய காலம் அது. லாரி நுழைய முடியாத சேற்றுத் தெருக்களில் என் அப்பா மணலும் செங்கல்லும் ஏற்றிப் போவார். ரோடு போட்ட பிறகு ஓடிய வண்டி இல்லை அது. ரோடே இல்லாத இடத்தில் ஓடிய வண்டி.

அதன் இன்ஜின் ராஜ்தூத் 175. எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு எஸ்.எச்.எல். மோட்டார் சைக்கிளின் வடிவமைப்பை வாங்கி 1960-களில் தயாரிக்க ஆரம்பித்தது. 173 சி.சி., ஒரே சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், மூன்று கியர். பால்காரர்கள் கேனைக் கட்டிக்கொண்டு ஓட்டிய பைக். புதுப்பேட்டையில் பழைய இரும்பு விலைக்கு அந்த இன்ஜினை வாங்கி வந்தார் அப்பா.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. வண்டியின் பலகை வரைக்கும் ஏறியது. அதோடு அப்பாவும் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார். அவ்வளவுதான். பல வருஷம் கழித்து, சட்டம் துருப்பிடித்து உடைந்துபோன பிறகுதான், இன்ஜினையாவது காப்பாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. அதைக் கழற்றி ஒரு மரச்சட்டத்தில் ஏற்றினேன்.

தம்பி தங்கைகளே, நீங்களும் எங்காவது இப்படி ஒரு பழைய இன்ஜினைப் பார்த்தால் உடனே கிக்கரை மிதித்துவிடாதீர்கள். நான் மிதிக்கவில்லை. நல்லவேளை. பிஸ்டன் இறுகியிருந்தது. அந்த நிலையில் பலம் காட்டினால் கிக் பல்லோ ஷாஃப்டோதான் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து அந்த ஓட்டையில் ஊற்றினேன். ஒரு வாரம் அப்படியே விட்டேன். அடுத்த ஞாயிறு மேக்னெட்டோ பக்கத்து நட்டில் ஸ்பேனரை மாட்டி, முன்னும் பின்னுமாக நூல் அளவு, நூல் அளவாக அசைத்தேன். மதியத்துக்குள் ஒரு முழுச் சுற்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்தது கார்புரேட்டர். பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. ஜெட் துவாரத்தில் கம்பியை விட்டுக் குத்தக் கூடாது, துவாரம் பெரிதாகிவிடும். தூண்டில் நரம்பை விட்டுச் சுத்தம் செய்தேன். பெட்ரோல் குழாயையும் புதிதாக மாற்றினேன். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய காலத்து ரப்பருக்கும் அதற்கும் ஒத்துப்போகாது.

காண்டாக்ட் பாயின்ட்டைத் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். கண்டென்சரை மாற்றினேன். நீல நிறத்தில் நல்ல ஸ்பார்க். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து மிதித்தால் விரலைத் தள்ளுகிறது. ஆக, கம்ப்ரஷனும் உண்டு. பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் மூன்றும் இருந்தால் இன்ஜின் ஓட வேண்டும். அதுதானே நாம் படித்தது?

ஓடவில்லை.

மூன்று ஞாயிறு மிதித்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்து கிடக்கிறது. பெட்ரோல் வரவில்லை என்று கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

அப்பா இத்தனை நாளும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் பட்டம் இருக்கிறதே! ஆறாவது ஞாயிறு, நான் ஸ்பேனரை வீசிவிட்டு உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னார்:

"மேல்மூச்சு இருக்குப்பா. கீழ்மூச்சு இல்ல. மிதிக்கும்போது கேக்குதே."

எனக்குச் சுரீர் என்றது. இதே கல்லூரியில், இரண்டாம் வருஷம், டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து முழு மார்க் வாங்கியவன் நான். அந்த இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே ஒரு வேலை, கீழே ஒரு வேலை. பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகிக் கார்புரேட்டரிலிருந்து கலவையை இழுக்கும். பிஸ்டன் கீழே வரும்போது அதே அறை கலவையை லேசாக அழுத்தி, பக்கவாட்டு வழியாக மேலே அனுப்பும். கிராங்க் அறைதான் அங்கே பம்பு. அது காற்றுப் புகாமல் இருக்க, ஷாஃப்ட் வெளியே வரும் இரு பக்கமும் ஆயில் சீல் உண்டு. சீல் போனால் விரிசல் வழியாக வெறும் காற்று உள்ளே போகும், பெட்ரோல் மேலே வராது. பிளக் உலர்ந்து கிடந்ததற்கு அதுதான் காரணம். என் கட்டைவிரல் அளந்தது மேல்மூச்சை மட்டும். வேலைக்குப் போன நாளிலிருந்து ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினோடேயே புழங்கி, கீழே ஒரு மூச்சு இருப்பதையே மறந்துவிட்டேன்.

ஊகம் சரியா என்று பார்க்க வேண்டுமே. என் மனைவி நர்ஸ். வீட்டில் டயல் வைத்த பழைய பி.பி. கருவி இருந்தது. சைலன்ஸரைக் கழற்றி அந்த வாயை ரப்பர் ஷீட்டால் அடைத்தேன். கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழாயோடு அடைப்பு. பிளக்கைத் திரும்ப மாட்டி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பி.பி. கருவியின் பந்தை அமுக்கினேன். 250 மில்லிமீட்டர் அளவு என்பது ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. நல்ல இன்ஜின் அதைச் சில நிமிஷமாவது தாங்க வேண்டும். இங்கே முள் 60-ஐத் தாண்டவில்லை. சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தால், மேக்னெட்டோவுக்குப் பின்னால் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. "இன்ஜினுக்கு லோ பி.பி." என்றாள் என் மனைவி.

மேக்னெட்டோவைக் கழற்றினேன். சீல் கல் மாதிரி இறுகி வெடித்திருந்தது. அது கிடைக்காதோ என்று பயந்தேன். ஆனால் ஆயில் சீலுக்கு வண்டிப் பெயர் தேவையில்லை. ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், கனம் என்று மூன்று எண் போதும். வெர்னியரில் அளந்து, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு பக்கத்துக்கும் புதுசு வாங்கினேன். இட்லி இரண்டு பிளேட் விலைகூட ஆகவில்லை.

ஏழாவது ஞாயிறு. லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்த பெட்ரோல். திறந்த வெளியில் வைத்து மிதித்தேன். நாலாவது மிதியில் பிடித்துக்கொண்டது. கொல்லையெல்லாம் வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் தீ விபத்து என்று ஓடி வந்தார். இந்தப் புகையும், எரியாமலே வெளியேறும் கலவையும்தான் டூ-ஸ்ட்ரோக் பைக்குகளை இந்தியச் சந்தையிலிருந்து விரட்டின. அதைச் சரியென்றே சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்தப் புகை வாசனையில் என் சின்ன வயசு முழுக்க இருந்தது.

அப்பா எழுந்து வந்து சிலிண்டர் பக்கம் காதைக் கொடுத்தார். பாராட்டப் போகிறார் என்று பார்த்தேன். "சைலன்ஸர்ல கரி அடைச்சிருக்கு, எடு" என்றார். எடுத்தேன். சத்தம் தெளிந்தது.

அன்று ராத்திரிதான் இன்னொன்றும் சொன்னார். 2015-இல் வெள்ளம் வடிந்த மறுநாளே இன்ஜினைத் திறந்து, தண்ணீரை வடித்து, பிளக் ஓட்டையில் ஆயில் ஊற்றிச் சுற்றிவிட்டுத்தான் தார்ப்பாயைப் போட்டாராம். "என்னைக்காவது நீ எடுப்பேன்னு தெரியும்" என்றார். பேரிங்குகள் தப்பியது என் டீசலால் இல்லை.

நண்பர்களே, என் வகுப்புத் தோழர்களுக்கும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். அட்மிஷன் நாளன்று என் பெட்டியை ஏற்றிக்கொண்டு அப்பா இந்த வண்டியில்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார். கேட்டுக்கு இரண்டு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "உள்ளே விடமாட்டாங்கப்பா" என்று பொய் சொன்னேன். அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். நாலு வருஷமும் அவரை நான் இங்கே அழைத்து வரவில்லை. அவர் சுமந்த செங்கல்லில்தான் என் ஃபீஸ் கட்டப்பட்டது.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் உங்கள் வீட்டிலேயே முதல் பட்டதாரியாக இருப்பீர்கள். புத்தகத்தில் இருப்பது பொய் இல்லை. அந்தப் படம் என் தலையில் இல்லாவிட்டால் அப்பா சொன்ன கீழ்மூச்சு எனக்குப் புரிந்திருக்காது. அவர் சொல்லாவிட்டால் அந்தப் படம் ஞாபகத்துக்கே வந்திருக்காது. ஆறு வாரம் கேட்காமல் இருந்தது என் தப்பு. நீங்கள் முதல் வாரமே கேளுங்கள்.

இந்த இன்ஜினை நம் இயந்திரவியல் துறைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்க விரும்புகிறேன். முதல்வர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். அறுத்துக் காட்டும் மாதிரியாக வைக்க வேண்டாம். ஓடும் நிலையிலேயே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறார். அதோ, மூன்றாவது வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை அவரைக் கேட்டுக்கு உள்ளே அழைத்து வந்துதான் இறக்கினேன்.