செக்குக்குக் காது கிடையாது

'தர்மத்துக்கு ஒரு செக் கொடுத்தாப் போதுமே, இந்த வயசுல எதுக்கய்யா சைக்கிள்?' என்று எதிரணி நண்பர் கேட்டார். (சிரிப்பு)

சொல்கிறேன். ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கு நிதி திரட்ட, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மிதித்தோம். பந்தல்குடி கரிசல் வெயிலில் நாக்கு வறண்டு இறங்கினேன். ஒரு பாட்டி குடத்துத் தண்ணீர் ஊற்றினார். விஷயத்தைச் சொன்னேன். 'பணம் கெடக்கட்டும் ராசா. பள்ளிக்கூடம் தூரம்னு எம் பேத்தி நின்னுட்டா. அவளுக்கு இதை ஓட்டச் சொல்லிக் குடுப்பியா?' என்றார். பட்டம் வாங்கிய நான் வாயடைத்து நின்றேன்.

புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் செய்ததும் இதுதானே? பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் திரண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கத் தோதாச்சே! (கைதட்டல்)

திரும்பும்போது என் சைக்கிளைப் பந்தல்குடியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேத்திக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தேன்.

நண்பரே, செக் அனுப்பியிருந்தால் பணம் போயிருக்கும். பாட்டி சொன்னது என் காதுக்கு வந்திருக்காது. செக்குக்குக் கை உண்டு, காது கிடையாது!