லினக்ஸும் ஒரு பழைய கிளார்க்கும்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன் கணினி பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். நம் வாட்ச்மேன் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். "சங்க அறையில இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல சி மொழி பழகிக்கட்டுமா சார்?" என்று கேட்டான். அதில் உபுண்டு லினக்ஸ்தான் இருக்கிறது. முதல் நாளே 'எஸ்டிடிஐஓ.ஹெச் கோப்பு இல்லை' என்று திரையில் வந்தது. மறுநாள் ஆளைக் காணோம். படிக்கட்டில் பார்த்தபோது, "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை.

விசாரித்தால், தப்பு அவனுடையதே அல்ல. ஜிசிசி என்ற கம்பைலர் இருந்தது. அதற்குத் தேவையான கோப்புகள் 'லிப்சி6-டெவ்' என்ற தனி பேக்கேஜில் இருக்கின்றன. அது ஏறவில்லை.

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது புரியும். வில்லங்கச் சான்று கேட்பார்கள். அதற்குப் போனால் பத்திர எண், அதற்கு மூலப் பத்திரம் என்று அலைய வேண்டும். லினக்ஸிலும் முன்பு அப்படித்தான். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனில் 'டிபிகேஜி' என்ற கருவி, இன்னது இல்லை என்று சொல்லி நின்றுவிடும். தேடிக் கொண்டுவருவது நம் பாடு. 1999இல் டெபியன் 2.1 உடன் வந்த 'ஆப்ட்', வேண்டியதையெல்லாம் தானே திரட்டி வரிசையாக நிறுவிவிடுகிறது. உபுண்டுவிலும் அதே ஆப்ட்தான்.

ஆகவே டெர்மினலில் இரண்டே வரி. முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்'. பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்'. இந்த பில்ட்-எசென்ஷியல் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். ஜிசிசி, ஜி பிளஸ் பிளஸ், மேக், லிப்சி6-டெவ் எல்லாம் அதன் பேரில் சேர்ந்து வந்துவிடும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நான் பயந்த மாதிரி நீங்களும் பயப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கவுன்ட்டரில் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிடாமல் காசோலைக்கு நான் பணம் தந்ததில்லை. ஆப்டும் களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்தே இறக்குகிறது. எங்கோ பார்த்த 'சூடோ' வரியை அப்படியே ஒட்டினால் அந்தக் காவல் இல்லை.

பையனைக் கையோடு கூட்டி வந்து அவனையே அந்த இரண்டு வரியையும் அடிக்கச் சொன்னேன். இப்போது தினமும் சாயங்காலம் வருகிறான். இரண்டாவது கணினியும் தயார். அதற்கு விசைப்பலகைதான் இல்லை. உங்கள் பரணில் பழையது கிடந்தால் கொடுங்கள். அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. ஞாயிறு மாலை 5 மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன்.