மழைக்கு முன்பே கேட்போம்

(குடும்ப ஒன்றுகூடலில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

தாம்பரம் மாநகராட்சியின் ஆண்டு பட்ஜெட்டைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். நவம்பரில் தெருவில் தண்ணீர் நின்றால் எல்லோரும் மாநகராட்சியைக் கேட்கிறோம். ஆனால் அந்தத் தெருவுக்கு வடிகால் உண்டா என்பது ஏப்ரல் 1-க்கு முன்பே பட்ஜெட்டில் முடிவாகிவிடுகிறது. மழையில் கேட்டால் மோட்டார்தான் வரும்; வடிகால் வராது.

நம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. இன்று 5 மண்டலங்கள், 70 வார்டுகள். ஒரு பகுதியில் பாதாளச் சாக்கடை இருக்கிறது. இன்னொரு பகுதியில் கழிவுநீர் லாரிக்குக் காசு கொடுக்கிறோம். இந்த ஏற்றத்தாழ்வை ஒரே பட்ஜெட் சரிசெய்ய வேண்டும்.

வளரும் ஊரில் செலவு முந்தும், வரவு பிந்தும். காலி மனையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி வந்தால், குடிவந்த அன்றே குப்பை அள்ள வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். சொத்து வரி விதிக்க நாளாகும். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பும் நடக்கவில்லை. 2011-க்குப் பிறகு வந்த குடும்பங்கள் பழைய கணக்கில் இல்லை. ஆகவே நம் தெருவில் எத்தனை வீடு என்று நாமே எண்ணிக் கொடுப்பது அவசியம்.

பட்ஜெட்டைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மானியத்தில் வடிகால் கட்டலாம். ஆண்டுதோறும் தூர்வாரும் கூலியோ பெரும்பாலும் சொந்த வரவிலிருந்து வர வேண்டும். அதாவது சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. புதிதாக என்ன கட்டுகிறார்கள் என்று கேட்பதோடு, கட்டியதைப் பராமரிக்க எவ்வளவு ஒதுக்கினார்கள் என்றும் கேட்க வேண்டும். போன ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்பதையும் கேட்க வேண்டும்.

எங்கே கேட்பது? வார்டு குழு, பகுதி சபை என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது. 2022 நவம்பர் 1-ல் நம் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அந்தச் சபைக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? அதிகாரிகள் மதிப்பீடு தயாரிக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே கோரிக்கை எழுத்தில் போய்ச் சேர வேண்டும். மேயர் பட்ஜெட்டை வாசித்த பிறகு கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும்.

கேட்கிறவர் கொடுக்கவும் வேண்டும். மாடி கட்டியவர்கள் அதைச் சொத்து வரிக் கணக்கில் சேருங்கள். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. பள்ளிவாசலின் தொழுகை இடத்துக்கு வரி விலக்கு இருக்கிறது. அதன் வாடகைக் கடைகளுக்கு இல்லை. அதை நிர்வாகத்தினர் நேரத்தோடு கட்டட்டும். பொதுப்பணம் அமானிதம். கொடுப்பதிலும் செலவழிப்பதிலும் அது அமானிதம்தான்.

தெருவுக்கு இருவர் வீதம் பெயர் தாருங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தண்ணீர் எந்த நாள் வருகிறது, எந்த நாள் வரவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எரியாத விளக்கு, உடைந்த மூடி, தண்ணீர் தேங்கும் இடம் ஆகியவற்றைக் கதவு எண்ணோடு எழுதுங்கள். பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். வெள்ளம் யார் வீடு என்று பார்த்து வருவதில்லை. மனு எழுதித் தரவும், உடன் வரவும் நம் அலுவலகம் தயாராக இருக்கிறது.

அல்லாஹ் நம் ஊரை நலமாக வைப்பானாக. வஸ்ஸலாம்.